யாரைக் கேட்டுக் குத்தினாய்?

என் உடம்பில் அடுத்தவர் கையால் விழுந்த துளைகள் ஐந்து. காது மடல்களில் இரண்டு, 11ஆவது மாதத்தில். மூக்கில் ஒன்று, 16 வயதில். வலது காதின் மேல்புறம் குருத்தெலும்பில் ஒன்று, கல்லூரி இரண்டாம் ஆண்டில். ஐந்தாவது தொப்புளில், போன வருடம், 34 வயதில். முதல் மூன்றும் வீட்டார் முடிவு. நான்காவதை "காதுதானே" என்று விட்டுவிட்டார்கள். ஐந்தாவதைப் பற்றித் தெரிந்த அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி: "யாரக் கேட்டுடி குத்துன?"

வலித்ததா, ஊசி சுத்தமானதா, சீழ் வைக்காதா என்பதெல்லாம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அனுமதி. இந்தக் கேள்வியைத் தமிழ்ப் பெண்கள் எல்லோரும் ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கேட்டிருப்போம். யாரைக் கேட்டு முடி வெட்டினாய், யாரைக் கேட்டு வேலையை விட்டாய், யாரைக் கேட்டு அவன்கூடப் பேசினாய். இதற்குப் பதிலாக ஓர் ஆளின் பெயர் வர வேண்டும். அப்பா, அண்ணன், புருஷன், குறைந்தபட்சம் அம்மா. "என்னைக் கேட்டுத்தான்" என்று சொல்லிப் பாருங்கள். அது பதிலாக ஒலிக்காது, திமிராக ஒலிக்கும். கேட்கப்பட வேண்டியவர்களின் பட்டியலில் உடம்புக்காரிக்கு இடமில்லாதபடி அந்த வாக்கியத்தை எப்போதோ கட்டி வைத்துவிட்டார்கள்.

அம்மாவைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஊசியோடு இன்னொருவர் என் வயிற்றருகே குனிந்தபோது, அந்த ஆளை எதை வைத்து நம்பினேன் என்று அம்மா கேட்கிறார். அதைத் திமிராகச் சொல்லாமல் நிதானமாகச் சொல்ல முடியுமா?

காதிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் குலதெய்வக் கோயில், மொட்டை, கிடா, பந்தி, மொய் நோட்டு, தாய்மாமன் சீர்த்தட்டு. எல்லோருக்கும் அதில் ஓர் இடம் உண்டு. குழந்தைக்கும் உண்டு: தாய்மாமன் மடி. வாயில் ஒரு துண்டு வெல்லமோ வாழைப்பழமோ இருக்கும். "அந்தா பாரு காக்கா" என்பார் ஒருவர். குழந்தை காக்காயைப் பார்க்கும் நேரத்தில் பத்தர் வேலையை முடித்திருப்பார். அழுகை வரும், சிரிப்பும் வரும், யாராவது குலவை போடுவார்கள். நான் அழுத போட்டோ எங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. என்னைச் சுற்றி 14 பேர் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் காட்சியைப் பற்றித் தமிழ் ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறது. யாராவது நம்மை ஏமாற்றப் பார்த்தால் என்ன சொல்கிறோம்? "எனக்கே காது குத்துறியா?" இவ்வளவு மங்கலமான ஒரு சடங்கின் பெயர் எப்படி ஏமாற்று வேலைக்கான சொல்லாயிற்று? மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் பக்கம் நின்று பார்த்த யாரோ ஒருவர்தான் முதலில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். காக்காயைக் காட்டியதும் நம்பிப் பார்த்த குழந்தைக்கு அடுத்த நொடி கிடைத்தது வேறு.

அம்மாச்சியின் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்மாவட்டங்களில் அந்தத் தலைமுறைப் பெண்களுக்குக் காது வளர்த்திருப்பார்கள். சிறு வயதிலேயே துளையைப் பெரிதாக்கி, ஈயக் குணுக்கு மாட்டி, எடையைக் கூட்டிக் கூட்டி, மடல் தோள்வரை இறங்கியதும் தண்டட்டியோ பாம்படமோ போடுவார்கள். அம்மாச்சிக்கும் அப்படித்தான். பிறகு காலம் மாறியது, தொங்கும் காது பட்டிக்காட்டு அடையாளமாயிற்று. டவுனில் சம்பந்தம் பேசும்போது பிள்ளைகளுக்கு அது கூச்சமாக இருந்தது. தொங்கிய மடலை வெட்டித் தைத்துக்கொண்டு வந்து சின்னத் தோடு போட்டுக்கொண்டார். அவரைப் போலப் பல பெண்கள் தைத்துக்கொண்டார்கள். குழந்தையாக இருந்தபோது ஊர் சொல்லித் திறந்த துளையை, கிழவியானபோது பிள்ளைகள் சொல்லி மூடினார். இரண்டுக்கும் நடுவில் அந்தக் காது அவருக்குப் பிடித்திருந்ததா என்று கேட்க எனக்குத் தோன்றுவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பாம்படத்தை உருக்கி என் அம்மாவுக்கு வளையல் செய்தார்கள்.

மூக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லட்சணம் என்றார்கள், பிரசவம் சுலபமாகும் என்றாள் ஒரு அத்தை. 16 வயதில் எனக்கு வேண்டியது இரண்டுமில்லை.

நான்காவது துளை கடையில் விழுந்தது. தோழிகள் நான்கு பேர் சேர்ந்து போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி, கையுறை போட்ட ஆள், துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. பத்தரைவிட இதுதான் நவீனம் என்று நினைத்தோம். அந்தக் கருவி ஊசியால் குத்துவதில்லை. மழுங்கிய தோட்டின் கம்பியையே ஸ்பிரிங் விசையில் தசைக்குள் அறைகிறது. பெரும்பாலும் பிளாஸ்டிக் உடம்பு என்பதால் அதிக வெப்ப நீராவியில் வைத்துக் கிருமி நீக்க முடியாது. பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த காதுக்குப் போவார்கள். காது மடலில் ரத்த ஓட்டம் அதிகம், எப்படியோ ஆறிவிடும். குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, அங்கே கிருமி புகுந்தால் லேசில் விடாது. எனக்கு ஐந்து வாரம் வீங்கியிருந்தது. அந்தக் கடைக்காரர் என்னிடம் பொய் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. "வலிக்காது, கொசு கடிச்ச மாதிரி இருக்கும்" என்றார். அவர் காட்டிய காக்கா அது.

இப்போது தொப்புள். ஏன் அங்கே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய தத்துவம் கிடையாது. பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் இந்த இடத்தைப் பற்றி நம் ஊரில் நிலவும் குழப்பம் வேடிக்கையானது. புடவை கட்டினால் இடுப்பு தெரியும், அது பண்பாடு. தொப்புள் தெரிந்தால் ஒழுக்கக்கேடு; ஆசிரியைகள் அதற்காக ஊக்கு குத்திக்கொண்டு பாடம் நடத்த வேண்டும். திரையில் மட்டும் அதற்கு விலக்கு. 1992இல் வந்த 'சின்ன கவுண்டர்' படத்தில் நாயகியின் தொப்புளில் நாயகன் பம்பரம் விட்ட காட்சியைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்த ஊர் இது. அதை யாரைக் கேட்டு விட்டான் என்று என் வீட்டில் யாரும் கேட்டதாக நினைவில்லை. பார்ப்பவனுக்கு விளையாட்டுப் பொருளாக இருக்கும்வரை தொப்புள் பிரச்சினையே இல்லை. அதன் சொந்தக்காரி ஒரு சின்ன உலோகத்தை அங்கே வைத்துக்கொண்டு மேலே சுடிதாரும் போட்டு மூடிக்கொண்டால் பிரச்சினை.

இன்னொன்றும் உண்டு. தொப்புள் என்பதே ஒரு தழும்பு. ஆணோ பெண்ணோ, எல்லோருக்கும் முதல் தழும்பு அதுதான். யாரோ ஒருவர் கொடியை அறுத்ததால் வந்தது. எங்கள் ஊர்களில் அதைச் செய்தவர் மருத்துவச்சி. தலைமுறை தலைமுறையாக முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள் செய்துவந்த வேலை. நடுராத்திரியில் கூப்பிட்டால் வந்து, தாயையும் பிள்ளையையும் பிரித்து, இரண்டு உயிரையும் காப்பாற்றிக் கொடுத்தவரைக் காலையில் திண்ணைக்குக் கீழே நிற்க வைத்த வீடுகள் உண்டு. உயிரையே ஒப்படைக்கும் அளவு நம்பிக்கை இருந்தது, மரியாதை இல்லை. 'நம்பகமானவர்' என்ற சொல்லை யோசிக்கும்போதெல்லாம் இது உறுத்துகிறது. உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலைகளையெல்லாம் சாதி சொல்லித் தாழ்த்தி வைத்திருந்தோம். அதே வேலை கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஆங்கிலப் பெயரோடு வந்ததும் 'புரொஃபஷனல்' என்கிறோம்.

சென்னையில் எனக்குக் குத்திய பியர்சர் என்னைவிடச் சில வயது இளையவர், 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார். நான் போனில் இருந்த ஒரு படத்தைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்றேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நில்லுங்கக்கா. இப்போ உட்காருங்க. வீட்ல எப்படி உட்காருவீங்களோ அப்படி. வயித்த உள்ள இழுக்காதீங்க" என்றார்.

வயிற்றை உள்ளே இழுக்காதே என்று அதற்கு முன் என்னிடம் யாரும் சொன்னதில்லை. போட்டோவுக்கு நின்றால், ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்தால், பெண் பார்க்க வந்தால், எப்போதும் இழு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

"தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "வாய்விட்டுச் சொல்லுங்க" என்றார். சரி என்றேன். மடிப்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நிக்கும்போது நல்லா இருக்கு. உட்கார்ந்தா மேல்மடிப்பு வந்து மூடிடுது. நீங்க காட்டுற மாதிரி கீழ பெரிய கல்லு வச்சா உட்காரும்போதெல்லாம் அது கம்பிய முன்னாடி தள்ளும். கொஞ்சங்கொஞ்சமா தோலே அத வெளிய தள்ளிடும், தழும்புதான் மிஞ்சும். கீழ்ப்பக்கம் சின்னதா தட்டையா வச்சா நிக்க வாய்ப்பிருக்கு. ஆனா கட்டாயம் நிக்கும்னு சொல்ல மாட்டேன். புடவை கட்டுவீங்களா? பாவாடை நாடா எங்க வரும்?" ஆறுவதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகும், அதுவரை நாடாவைக் கீழே இறக்கிக் கட்ட வேண்டும், நீச்சல் கூடாது, கவிழ்ந்து படுக்கக் கூடாது என்றார். கடைசியில், "இன்னைக்கு வேண்டாம். போய் யோசிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். பணம் கொடுக்கத் தயாராக வந்தவளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவரை நான் அந்த இடத்திலேயே நம்பத் தொடங்கிவிட்டேன். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால் அந்த நம்பிக்கைக்குக் காரணங்களும் இருந்தன.

மூன்று வாரம் கழித்துத்தான் போனேன். நகை இம்பிளான்ட் தர டைட்டானியம். எலும்பு முறிவுக்கு உடம்புக்குள் வைக்கும் உலோகத்தின் தரம், ஏ.எஸ்.டி.எம். எஃப்136 என்று அதற்கொரு எண் இருக்கிறது. 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்று விற்பதில் நிக்கல் கலந்திருக்கும், பலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று விளக்கினார். ஊசியும் நகையும் உறைக்குள் ஆட்டோகிளேவில் வெந்து வந்தவை. உறையின் ஓரத்தில் ஒரு பட்டை இருக்கிறது, போதிய வெப்பம் பட்டால் நிறம் மாறும். அதை என்னையே பார்க்கச் சொல்லிவிட்டுப் பிரித்தார். சுவரில் ஸ்போர் டெஸ்ட் அறிக்கை ஒட்டியிருந்தது. வெப்பத்துக்கு லேசில் சாகாத நுண்ணுயிரின் வித்துகளை அந்த இயந்திரத்துக்குள் வைத்து எடுத்து, அவை செத்துவிட்டனவா என்று ஆய்வகத்தில் பார்க்கும் சோதனை அது. பட்டை வெப்பத்தைக் காட்டும், உயிர் போயிற்றா என்பதை இதுதான் காட்டும்.

பேனாவால் புள்ளி வைத்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். கொஞ்சம் இடப்பக்கம் என்றேன். துடைத்துவிட்டு வேறு இடத்தில் வைத்தார். மறுபடியும் மாற்றினேன். "ஊசி போற வரைக்கும் எத்தன தடவ வேணா மாத்தலாம். இப்ப எழுந்து போனாலும் காசு திருப்பித் தந்துடுவேன்" என்றார். தொப்புளில் குத்துவதாகப் பேச்சே தவிர, குத்துவது தொப்புளில் அல்ல, அதன் மேலிருக்கும் தோல் மடிப்பில். மூச்சை வெளியே விடச் சொன்னார். இரண்டு நொடி. கொசு கடித்த மாதிரி இல்லை, நன்றாகவே வலித்தது. வலிக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

நியூசிலாந்தில் பிறந்த தத்துவவாதி ஆனெட் பேயர் 1986இல் நம்பிக்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒருவரை நம்புவது என்றால் நமக்கு அருமையான ஒன்றை அவர் கைக்கெட்டும் தூரத்தில் விட்டுவைப்பது; அவர் நினைத்தால் அதைச் சேதப்படுத்தலாம், ஆனால் செய்ய மாட்டார் என்று இருப்பது. இது அவருடைய தொடக்கம். அறத்தைப் பற்றி எழுதிய பெரிய தத்துவவாதிகள் அநேகமாக எல்லோரும் ஆண்கள் என்பதை அவர் சுட்டிக்காட்டுகிறார். அவர்கள் ஒப்பந்தத்தைப் பற்றி எழுதித் தள்ளினார்கள், கையெழுத்துப் போடத் தெரிந்த சமமான இருவரைப் பற்றி. தாயின் மடியில் கிடக்கும் சிசுவின் நம்பிக்கை அவர்கள் கண்ணில் படவில்லை. ஒப்பந்தம் போட முடியாதவர்கள், பலத்தில் சமமில்லாதவர்கள், இவர்களுக்கு இடையில்தான் வாழ்க்கையின் பெரும்பகுதி நடக்கிறது. பெண்களுக்கு இது தெரியும்.

பிறகு அவர் ஒரு சோதனை சொல்கிறார். அதை என் வார்த்தையில் தருகிறேன். ஓர் உறவில் இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் எதை நம்பியிருக்கிறார்கள் என்பதை அப்படியே எடுத்து வெளியே வையுங்கள். இருவருக்கும் அது தெரிந்த பிறகும் அந்த உறவு நிற்குமா? நின்றால் அது நல்ல நம்பிக்கை. ஒருவருக்குத் தெரியாமல் இருப்பதையோ அவருடைய பயத்தையோ நம்பித்தான் நிற்கிறது என்றால், தெரிந்ததும் சரிந்துவிடும். அது நம்பிக்கை மாதிரி இருக்கும் வேறொன்று.

இந்தச் சோதனையை என் ஐந்து துளைகளுக்கும் வைத்துப் பார்த்தேன். துப்பாக்கிக் கடைக்காரர் எனக்கு எதுவும் தெரியாது என்பதை நம்பித்தான் பிழைத்தார். தெரிந்திருந்தால் எழுந்து போயிருப்பேன். பியர்சர் அதற்கு நேர் எதிர். எனக்குத் தெரியத் தெரியத்தான் அவர் வேலை சுலபமாயிற்று. மறுநாள் புண்ணைக் கழுவப்போவது நான். உப்புநீர் தவிர வேறெதுவும் போடாமல், திருகிப் பார்க்காமல் இருக்கப்போவதும் நான். (அம்மா மஞ்சளோடும் தேங்காயெண்ணெயோடும் வந்தார். சண்டை அப்போதும் முடியவில்லை, வைத்தியம் மட்டும் வந்துவிட்டது.) அவர் என்னை நம்பியாக வேண்டும், அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். ஒப்புதல் படிவமும் இருந்தது, கையெழுத்துப் போட்டேன். ஆனால் நடந்ததில் ஆகச் சின்ன பகுதி அந்தக் கையெழுத்து.

பத்தர் விஷயம் சிக்கலானது. அவரைக் கடைக்காரரோடு சேர்க்க மாட்டேன். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குக் காது குத்தியவர், கை நடுங்காது, இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருக்கும். தாத்தா அவரை நம்பினார், அவரும் தாத்தாவை நம்பினார். எல்லாவற்றையும் வெளியே வைத்தாலும் அந்த உறவு நின்றிருக்கும், பேயரின் சோதனையில் தேறியிருக்கும். ஒரே ஒரு விஷயம்: அந்த நம்பிக்கையில் நான் இல்லை. இரண்டு பேர் ஒருவரையொருவர் நம்பினார்கள், நான் அவர்கள் நடுவில் மடியில் இருந்தேன். தங்கத்தைப் பத்தரிடம் ஒப்படைத்த மாதிரி என் காதையும் ஒப்படைத்தார்கள். தங்கத்துக்கு எடை போட்டார்கள்.

இது குழந்தையோடு முடிகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். 1995இல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவருக்கு மயக்க மருந்து கொடுத்து லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். அது பரிசோதனைக்கு. அந்தக் குழாயைப் பெரும்பாலும் தொப்புள் வழியாகத்தான் உள்ளே விடுவார்கள், நகை மாட்டும் இடத்துக்கு ஒரு விரல் தள்ளி. அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சமீரா கோலி வழக்கு என்று சட்டம் படிக்கும் பெண்களுக்குத் தெரிந்திருக்கும். 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அவர் சுயமாக முடிவெடுக்கக்கூடியவர், தற்காலிக மயக்கத்தில்தான் இருந்தார், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, விழித்ததும் கேட்டிருக்க வேண்டும், அம்மாவின் சம்மதம் செல்லாது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கும் சேர்த்துக் கொடுத்ததாகாது. இழப்பீடு 25,000 ரூபாய். மருத்துவர் நோயாளியின் நன்மையை நினைத்துத்தான் செய்தார் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

அதை நான் மறுக்கவில்லை. நன்மையை நினைத்துத்தான் செய்திருப்பார். என் காதைக் குத்தியவர்களும் அப்படித்தான். "யாரைக் கேட்டுச் செய்தீர்கள்?" என்றால் அந்த மருத்துவமனையில் ஒரு பதில் இருந்தது. அம்மாவைக் கேட்டோம். 44 வயதுப் பெண்ணின் கர்ப்பப்பைக்கு அது போதுமான பதிலாக அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. என் அம்மாவின் கேள்வியைக் கேட்டபோது எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இந்தத் தீர்ப்பைப் படித்த பிறகுதான் புரிந்தது. உடம்புக்காரி தவிர மற்ற யாரைக் கேட்டாலும் கேட்டதாகவே கணக்காகிவிடும் ஒரு பழக்கம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. பிரசவ அறைக்குப் போய்வந்த எந்தப் பெண்ணிடமும் கேளுங்கள், தொடுவதற்கு முன் எத்தனை கை அனுமதி கேட்டது என்று. வெறும் அலங்காரத்துக்காகப் போன இடத்தில் ஒரு பெண் நான்கு முறை கேட்டார்.

என் தோழி ஒருத்தி, பெண்ணியவாதிதான், வேறு பக்கமிருந்து தாக்கினாள். "உன் ஆசையே உன்னுது இல்லடி. சந்தை உனக்கு வித்தது. கேட்டுக் குத்தினா என்ன, கேக்காம குத்தினா என்ன?" அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது. தொப்புள் நகை தொன்மையானது, எகிப்து அரச குலத்தினர் மட்டும் அணிந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. 1970களில் அமெரிக்காவில் டக் மலாய் என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிய துண்டுப் பிரசுரம் பரப்பிய கதை. அவர் ஆதரவோடுதான் ஜிம் வார்டு என்பவர் 1975இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'காண்ட்லெட்' என்ற பியர்சிங் தொழிலைத் தொடங்கினார். முதலில் வந்தவர்களில் பலர் தன்பாலீர்ப்பு ஆண்கள். 1993இல் ஏரோஸ்மித் இசைக்குழுவின் 'கிரையின்' பாடல் காணொளியில் ஒரு பெண் தொப்புள் குத்திக்கொள்ளும் காட்சி வந்தது, அதன் பிறகு இளம்பெண்களிடம் காட்டுத்தீயாகப் பரவியது. அங்கிருந்து இந்தி சினிமா வழியாகச் சென்னை மால் வரை. ஆக, என் ஆசைக்கு ஊரும் பேரும் வம்சாவளியும் உண்டு. ஒத்துக்கொள்கிறேன்.

அதனால் என்ன? ஜிமிக்கி ஆசைக்கு வம்சாவளி இல்லையா? அதை யாரும் விசாரணைக் கூண்டில் ஏற்றுவதில்லை. எங்கிருந்தோ வந்த ஆசையை மூன்று வாரம் வைத்துப் பார்த்து, வேண்டாம் என்று விட்டுவிடவும் வழி இருந்ததா என்பதைத்தான் நான் பார்க்கிறேன். எனக்கு இருந்தது, ஒரு தொழிலாளி அதை எனக்கு உண்டாக்கிக் கொடுத்தார். தோழிக்கு இது போதவில்லை. அவள் கேட்ட இன்னொன்றுக்குப் பதில் இல்லாமல் நிற்கிறேன்: அந்த மரியாதைக்கு நீ எவ்வளவு கொடுத்தாய்? துப்பாக்கிக் கடையில் கொடுத்ததைப்போலப் பல மடங்கு. புது ஊசியும், நல்ல உலோகமும், தொடலாமா என்ற கேள்வியும் சம்பளக்காரிகளுக்கு மட்டும் கிடைக்கும் சரக்காக இருப்பது எனக்கும் பிடிக்கவில்லை. திருவிழாக் கடையில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ளும் பெண்ணுக்கு என் கட்டுரை எந்த உதவியும் செய்யாது.

இப்போது வீட்டில் ஒரு விஷயம் ஓடிக்கொண்டிருக்கிறது. தங்கை மகளுக்கு எட்டு மாதம். ஆவணியில் காதுகுத்து என்று பேச்சு. நான் பெரியம்மா, கருத்துச் சொல்லும் உரிமை கொஞ்சம் உண்டு. "பாப்பா கேக்கும்போது குத்தலாமே" என்றேன். தங்கை சிரித்தாள். "இப்ப குத்தினா அதுக்கு ஒண்ணும் தெரியாது. அஞ்சு வயசுல குத்தினா ஊரக் கூட்டும்."

ஒன்றும் தெரியாது என்பதை நம்பித்தான் குத்துகிறோம் என்று அவளே சொல்லிவிட்டாள். ஆனால் தடுப்பூசியும் அப்படித்தானே? ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று தொடையில் போட்டார்கள், நானே ஒருமுறை பிடித்துக்கொண்டேன். அப்போதும் பொம்மை காட்டினேன். சிசுவின் நம்பிக்கையை அந்த நேரத்தில் சோதித்துப் பார்க்க வழியில்லை. பிற்பாடு எல்லாவற்றையும் சொல்லும்போது அது நிற்குமா என்று மட்டும் யோசிக்கலாம். தடுப்பூசிக்கு நிற்கும், எனக்குச் சந்தேகமில்லை. காதுக்கு? என் விஷயத்தில் நின்றுவிட்டது என்பதுதான் சங்கடம். எனக்கு என் ஜிமிக்கிகள் பிடிக்கும். அந்தத் துளைகளை யாரும் கேட்டுப் போடவில்லை என்பதற்காக மாமாமீது எனக்குக் கோபம் வந்ததே இல்லை. வெறுங்காதோடு பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தையை ஊர் எத்தனை கேள்வி கேட்கும் என்பதும் தெரியும். அந்தக் கேள்விகளையெல்லாம் ஐந்து வயதுக்காரி சமாளிக்கட்டும் என்று 35 வயதுக்காரி நான் முடிவெடுத்தால், அதுவும் அவளைக் கேட்காமல் எடுத்த முடிவுதானே.

தங்கையிடம் இதையெல்லாம் சொன்னேன். "நீ ரெண்டு பக்கமும் பேசுற" என்றாள். பிறகு ஒருநாள் போன் செய்து, பத்தரிடம் ஊசியைப் பற்றிக் கேட்டதாகச் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கொதிநீரில் போட்டு எடுப்பேன், வேண்டுமானால் புது ஊசி வாங்கிக் கொடுங்கள் என்றாராம். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை என்றும் சொன்னாராம். மாப்பிள்ளை வீட்டில் ஆவணி வேண்டாம், தை பார்க்கலாம் என்கிறார்கள், அது வேறு காரணம், மண்டபம் கிடைக்கவில்லை. தம்பி தாய்மாமன் முறைக்குத் தோடு வாங்கிவிட்டான். ஒரு கிராம்கூட வராது, பட்டாணி அளவு. தங்கை வீட்டு பீரோவில் ரோஸ் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறார்கள். பாப்பா இப்போதெல்லாம் யார் தூக்கினாலும் முதலில் காதில் தொங்குவதைத்தான் பிடித்து இழுக்கிறாள்.